வில்லங்கத்தோடு பிறந்த பிள்ளை

ஜனவரி விடியலில் லவ்டேல் புல்வெளிகளைப் பார்த்தால், ராத்திரியோடு ராத்திரியாக யாரோ கல்லுப்பைத் தூவிவிட்டுப் போனதுபோல் இருக்கும். உறைபனி. ஊட்டிக்குச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் அதைக் கையில் அள்ளிப் படம் எடுத்துக்கொள்வார்கள். கேத்திப் பள்ளத்தாக்கில் உருளைக்கிழங்கு போட்டவருக்கோ வயிறு எரியும். வெயில் ஏற ஏற இலையெல்லாம் வெந்ததுபோல் கறுத்துத் தொங்கிவிடும்.

அந்தச் சரிவில் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருநாள் கேட்டார்: "ராத்திரி எத்தனை மணிக்குக் குளிர் பூஜ்யத்துக்கு எறங்குதுன்னு தெரிஞ்சாப் போதுங்க. பத்து நாள் கணக்கு கெடைச்சா, எப்ப எந்திரிச்சுத் தண்ணி தெளிக்கறதுன்னு ஒரு முடிவுக்கு வந்துரலாம்."

வேலை சின்னதுதான். உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெர்ரி பை கணினி ஒன்று, வெப்பநிலை உணரி ஒன்று, பைத்தான் மொழியில் நாற்பது வரியில் ஒரு நிரல். நிமிடத்துக்கு ஒரு முறை குளிரை அளக்கும். ஒவ்வொரு முறையும் மெமரி கார்டில் எழுதினால் கார்டு சீக்கிரம் தேய்ந்துபோகும் என்பதால், ஒரு மணி நேரக் கணக்கைச் சேர்த்துவைத்து மொத்தமாக எழுதும். இடையில் 'கன்ட்ரோல்-சி' அழுத்தினால், கையிலிருக்கும் கணக்கையும் எழுதிவிட்டு ஒழுங்காக விடைபெறும். வீட்டு மேசையில் பத்து முறை ஓட்டிப் பார்த்தேன். பத்து முறையும் சொன்ன சொல் கேட்டது.

தோட்டத்தில் வைத்தபோது, கணினி விழித்ததும் தானாக ஓட வேண்டும் என்று ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (நாம் தட்டும் கட்டளைகளை ஓட்டும் 'ஷெல்' நிரலுக்கான குறிப்பு) எழுதி, அதிலிருந்து நிரலைப் பின்னணியில் கிளப்பிவிட்டேன். மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு, கணக்கை எடுப்பதற்காகக் கன்ட்ரோல்-சிக்குச் சமமான சிக்னலை அனுப்பினேன். நிரல் நிற்கவில்லை. மறுபடி அனுப்பினேன், அசையவில்லை. பொறுமை போய், தடுக்கவே முடியாத 9ஆம் எண் சிக்னலை அனுப்பினேன். செத்தது, ஐந்து மணிக்குப் பிறகான கணக்கையும் கூடவே கொண்டுபோனது. பனி இறங்கிய நேரமே அதுதான்.

நிரலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. மேசையில் அடங்கியது, தோட்டத்தில் ஏன் அடங்கவில்லை? கோளாறு நிரலில் இல்லை, அது பிறந்த விதத்தில் இருந்தது.

விசிலும் கொடியும்

யூனிக்ஸ் வழிவந்த எல்லா இயங்குதளங்களிலும், லினக்ஸ் ஆகட்டும் மேக் ஆகட்டும், ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலும் ஒரு 'புராசஸ்'. அதைத் தட்டிக் கூப்பிட வெளியிலிருப்பவர்களுக்கு உள்ள சுருக்கமான வழிதான் சிக்னல். சிக்னலில் சேதி கிடையாது, எண் மட்டுமே உண்டு. கன்ட்ரோல்-சி அழுத்தினால் 2. டெர்மினல் இணைப்பு அறுந்தால் 1; தொலைபேசி வழியே கணினியோடு பேசிய காலத்தில் ரிசீவரை வைத்துவிட்டால் வந்தது என்பதால் அதற்கு 'ஹேங்கப்' என்று பெயர். 'மரியாதையாக முடித்துக்கொள்' என்றால் 15. 'செத்துப்போ' என்றால் 9. லினக்ஸில் இப்படி 64 எண்கள்வரை உண்டு.

ஒரு சிக்னல் வந்தால் புராசஸ் மூன்று விதமாக நடந்துகொள்ளலாம். ஒன்று, இயல்பு நிலை: இயங்குதளத்தின் மையமான கெர்னல் விதித்தபடி நடக்கும், பெரும்பாலும் சாவுதான். இரண்டு, தானே ஒரு சிறு நிரல்துண்டு எழுதிவைத்து, சிக்னல் வந்தால் அதை ஓட்டுவது. என் நிரல் கணக்கை எழுதிவிட்டு விடைபெற்றது இப்படித்தான். மூன்று, 'இந்த எண் வந்தால் கண்டுகொள்ளாதே' என்று கெர்னலிடமே சொல்லிவைப்பது. 9ஆம் எண்ணுக்கும், புராசஸை உறையவைக்கும் 'ஸ்டாப்' சிக்னலுக்கும் மட்டும் இந்தச் சலுகைகள் கிடையாது.

லவ்டேல்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் ஏறும் மலை ரயிலில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரப் பாதை. அங்கே இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். முன்னால் என்ன இருக்கிறது என்று ஓட்டுநருக்குத் தெரியாது. பெட்டிக்குப் பெட்டி பிரேக்ஸ்மேன் நிற்பார். அவர் கொடி காட்டுவார், இன்ஜின் விசிலடிக்கும், அவர் பிரேக் போடுவார். விசிலில் வாக்கியம் கிடையாது. எந்த விசிலுக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே பேசிவைத்திருப்பதால்தான் வண்டி பத்திரமாக ஏறுகிறது.

குன்னூரில் மாறும் இன்ஜின்

யூனிக்ஸில் ஒரு நிரல் இன்னொன்றைக் கிளப்ப வேண்டுமானால் அதை இரண்டு படியாகச் செய்கிறது. முதல் படி 'ஃபோர்க்': புராசஸ் தன்னை அப்படியே ஜெராக்ஸ் எடுத்துக்கொள்கிறது. தாய் ஒன்று, பிள்ளை ஒன்று. திறந்திருக்கும் கோப்புகள், நிற்கும் அடைவு, சிக்னல் ஏற்பாடுகள் எல்லாம் பிள்ளைக்கும் அச்சு அசலாக வந்துவிடும். இரண்டாவது படி 'எக்ஸெக்': பிள்ளை தன் உடலுக்குள் இருக்கும் தாயின் நிரலைத் துடைத்துவிட்டுப் புது நிரலை ஏற்றிக்கொள்கிறது.

இந்த இரண்டாவது படி, குன்னூர் நிலையத்தில் நடப்பதைப் போன்றது. நீராவி இன்ஜின் கழன்றுகொள்ள, டீசல் இன்ஜின் வந்து மாட்டிக்கொள்ளும். பெட்டிகள் அவையே, பயணிகளும் அவர்களே, வண்டியும் அதே வண்டி. ஓட்டுகிற இன்ஜின்தான் வேறு. எக்ஸெக்கிலும் புராசஸின் அடையாள எண் மாறுவதில்லை; உள்ளே ஓடும் நிரல்தான் மாறுகிறது.

பழைய இன்ஜினோடு பேசிவைத்த சிக்னல் ஏற்பாடுகள் என்ன ஆகும்? இங்கேதான் விஷயம் இரண்டாகப் பிரிகிறது.

பழைய நிரல், 'சிக்னல் வந்தால் என் நினைவகத்தில் இன்ன முகவரியில் இருக்கும் துண்டை ஓட்டு' என்று சொல்லி வைத்திருந்தால், அந்த ஏற்பாடு ரத்தாகி இயல்பு நிலைக்குத் திரும்பிவிடும். வேறு வழியும் இல்லை. நினைவகத்தையே துடைத்தாயிற்று, அந்த முகவரியில் இப்போது என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? 1982இல் வந்த 'மூன்றாம் பிறை' படத்தின் கடைசிக் காட்சியை லவ்டேலுக்கு முந்தைய நிலையமான கேத்தியில்தான் எடுத்தார்கள். நினைவு திரும்பிய நாயகிக்கு, இடைப்பட்ட மாதங்களில் நடந்த எதுவும் நினைவில் இல்லை. எக்ஸெக்குக்குப் பிறகு புராசஸின் நிலையும் அதேதான்.

ஆனால் 'கண்டுகொள்ளாதே' என்ற ஏற்பாட்டுக்கு முகவரி ஏதும் தேவையில்லை. அது நிரலின் நினைவில் இல்லை, கெர்னலின் குறிப்பேட்டில் இருக்கிறது. நிரல் மாறினாலும் அந்தக் குறிப்பு அழிவதில்லை. மேட்டுப்பாளையத்தில் ஒருவர் பிரேக்ஸ்மேனிடம் 'விசில் கேட்டாலும் கண்டுக்காதே' என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால், குன்னூரில் மாட்டிய புது இன்ஜின் லவ்டேல்வரை விசிலடித்தாலும் பிரேக் விழாது. புது ஓட்டுநருக்கு ஏன் என்றும் புரியாது.

மூன்றாவதாக ஒரு பட்டியலும் அப்படியே தொடர்கிறது. அது 'தடுத்துவைத்த' சிக்னல்களின் பட்டியல். கண்டுகொள்ளாமல் விடுவது என்றால் வந்த தபாலைக் கிழித்துப் போடுவது. தடுத்துவைப்பது என்றால், 'நான் கேட்கும்வரை தபால் ஆபீசிலேயே இருக்கட்டும்' என்று சொல்வது. பல இழைகளாக ஓடும் நிரல்கள் இதை அடிக்கடி செய்யும். தடுத்த கையோடு ஒரு பிள்ளையைப் பெற்றால், அதுவும் தடுப்போடே பிறக்கும். பிறகு 15 அனுப்பினாலும் போகாது. தபால் ஆபீசில் தூங்கும்.

நம் ஊரில் நிலம் வாங்குகிறவர் பத்திரத்தை மட்டும் பார்த்து வாங்குவதில்லை, வில்லங்கச் சான்றும் போட்டுப் பார்க்கிறார். தாத்தா வைத்த அடமானம் பேரன் தலையில் விடியக்கூடாதல்லவா? புராசஸுக்கும் வில்லங்கம் உண்டு. நிரலின் வரிகளில் அது தெரியாது.

கடைசி இலக்கம் 6

தெரியாது என்றேனே தவிர, பார்க்க வழி இருக்கிறது. லினக்ஸில் 'ப்ராக்' என்ற அடைவுக்குள் ஒவ்வொரு புராசஸுக்கும் அதன் அடையாள எண்ணில் ஓர் அறை உண்டு. உள்ளே 'ஸ்டேட்டஸ்' என்ற கோப்பில், கண்டுகொள்ளாத சிக்னல்களின் பட்டியல் ஒரே வரியில் 16 இலக்கமாக இருக்கும். இலக்கத்துக்கு நான்கு சிக்னல் வீதம் மொத்தம் 64. வலது ஓரத்திலிருந்து எண்ண வேண்டும். 1ஆம் சிக்னலுக்கு மதிப்பு 1, 2ஆம் சிக்னலுக்கு 2, மூன்றாவதற்கு 4, நான்காவதற்கு 8. அடுத்த இலக்கத்தில் 5ஆம் சிக்னலிலிருந்து இதே கணக்கு திரும்பத் தொடங்கும்.

மேசையில் ஓட்டியபோது அந்த வரி இப்படி இருந்தது:

0000000001001000

தோட்டத்தில் ஓடியபோது:

0000000001001006

நடுவில் உள்ள இரண்டு 1களும் இரண்டு இடத்திலும் உண்டு. பைத்தான் பிறந்தவுடன் தானாகவே 13, 25 என்ற இரண்டு சிக்னல்களைக் கண்டுகொள்ளாமல் வைத்துக்கொள்ளும்; அந்த அடையாளம் இது. வித்தியாசம் கடைசி இலக்கத்தில் இருக்கிறது. 6 என்றால் 2ம் 4ம் சேர்ந்தது. அதாவது 2ஆம் சிக்னலும் 3ஆம் சிக்னலும் கண்டுகொள்ளப்படாது. நான் விடியற்காலையில் அனுப்பியது 2ஆம் சிக்னலைத்தான்.

பிடித்துக் கையாளும் சிக்னல்களுக்கு அடுத்த வரி. அதன் கடைசி இலக்கம் மேசையில் 2, தோட்டத்தில் 0. கன்ட்ரோல்-சியைப் பிடிக்கும் துண்டைப் பைத்தான் இங்கே மாட்டவே இல்லை. அது பைத்தானின் பிழையும் அல்ல. பிறக்கும்போதே ஒரு சிக்னல் கண்டுகொள்ளாத நிலையில் இருந்தால், 'பெரியவர்கள் ஏதோ காரணமாகத்தான் வைத்திருப்பார்கள்' என்று அதைத் தொடாமல் விடுவது யூனிக்ஸின் பழைய நாகரிகம். கெர்னிகனும் பைக்கும் 1984இல் எழுதிய 'தி யூனிக்ஸ் புரோகிராமிங் என்விரான்மென்ட்' நூலே அதைக் கற்றுத்தருகிறது.

அப்படியானால் அந்த 6ஐ வைத்தது யார்? என் ஷெல் ஸ்கிரிப்ட்.

பழைய வீட்டின் பழக்கம்

எழுபதுகளின் யூனிக்ஸில் கன்ட்ரோல்-சி போன்ற நிறுத்தச் சாவியை அழுத்தினால், அந்த டெர்மினலில் கிளம்பிய எல்லாப் புராசஸுக்கும் சிக்னல் போகும். முன்னால் ஓடுவதை நிறுத்தப் போய், பின்னணியில் மணிக்கணக்காக ஓடுவதும் சேர்ந்து சாகும். அதைத் தவிர்க்க, பின்னணியில் கிளப்பும் வேலைகளுக்கு 2ஐயும் 3ஐயும் கண்டுகொள்ளாத நிலையில் வைத்து அனுப்புவது ஷெல்லின் வழக்கமாயிற்று.

1980 வாக்கில் பெர்க்லி பல்கலைக்கழகத்து யூனிக்ஸில் இதைவிட நல்ல வழி வந்தது. ஒவ்வொரு வேலைக்கும் தனிக் குழு. கன்ட்ரோல்-சி முன்னணியில் இருக்கும் குழுவுக்கு மட்டும் போகும். இன்று நாம் டெர்மினலில் உட்கார்ந்து தட்டும்போது ஷெல் இந்தப் புது வழியில்தான் நடக்கிறது. பின்னணி வேலைக்குக் காதடைக்க வேண்டிய தேவை அங்கே இல்லை. ஆனால் ஸ்கிரிப்டாக ஓடும்போது ஷெல் குழு பிரிப்பதில்லை. பழைய வழக்கத்துக்கே போய்விடுகிறது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரநிலையும் அப்படித்தான் சொல்கிறது. கையால் கிளப்பினால் அடங்கும், ஸ்கிரிப்ட் கிளப்பினால் அடங்காது என்ற புதிருக்கு விடை இதுதான்.

ஷெல் ஸ்கிரிப்டுகளுக்குச் சிக்னல் ஏற்பாட்டை மாற்ற 'டிராப்' என்ற கட்டளை இருக்கிறதே, பிள்ளையும் ஷெல் ஸ்கிரிப்டாக இருந்தால் அதுவே சரிசெய்துகொள்ளாதா என்று கேட்கலாம். செய்யாது. ஸ்கிரிப்டாக ஓடும் ஷெல்லில், பிறக்கும்போதே கண்டுகொள்ளாத நிலையில் இருந்த சிக்னலை 'டிராப்' தொட முடியாது. கட்டளையை எழுதினால் ஷெல் முறைக்காமல் ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஒன்றும் நடக்காது. அரை நாள் தலையைப் பிய்த்துக்கொள்ள இது ஒன்று போதும்.

நிற்காத மோட்டார்

பைத்தான் கண்டுகொள்ளாமல் வைக்கும் 13ஆம் சிக்னலுக்கு 'சிக்பைப்' என்று பெயர். ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றின் வாயில் ஊற்றும் 'பைப்', யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டக் மெக்கில்ராயின் யோசனை. 1973இல் யூனிக்ஸுக்கு வந்தது. பத்தாயிரம் வரி தரும் நிரலின் பின்னால், முதல் பத்து வரியை மட்டும் எடுக்கும் 'ஹெட்' நிரலை மாட்டுகிறோம் என்று வையுங்கள். பத்து வரி வந்ததும் ஹெட் போய்விடும். ஊற்றுகிறவர் அடுத்து எழுதும்போது கெர்னல் 13ஐ அனுப்பும், அவரும் அடங்கிவிடுவார். தொட்டி நிரம்பியதும் தானாக நிற்கும் மோட்டார் மாதிரி.

பைத்தான் இந்தச் சிக்னலை வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. நெட்வொர்க் இணைப்பு அறுந்ததற்காக முழு நிரலும் பேச்சுமூச்சில்லாமல் சாவதைவிட, பிழை என்று சொன்னால் நிரலாளர் பார்த்துக்கொள்வார் என்பது அதன் கட்சி. தன்னளவில் நியாயம்தான். ஆனால் அந்த ஏற்பாடு அது கிளப்பும் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. எழுதும்போது பிழை வருகிறதா என்று பார்க்கும் நிரல்கள் ஒரு புலம்பலோடு நின்றன. பார்க்காத நிரல்கள் தொட்டி வழிய வழிய ஓடிக்கொண்டே இருந்தன.

2011இல் வந்த பைத்தான் 3.2 இதற்கு மருந்து போட்டது. 'சப்புராசஸ்' தொகுதி வழியாகப் பிள்ளையைக் கிளப்பினால், ஃபோர்க்குக்கும் எக்ஸெக்குக்கும் இடையில், பைத்தான் தானாகச் செய்த ஏற்பாடுகளை மட்டும் இயல்பு நிலைக்குத் திருப்பிவிடும். 'மட்டும்' என்பதைக் கவனிக்க வேண்டும். ஷெல் வைத்த 6 அப்படியே இருக்கும், தடுத்துவைத்த பட்டியலும் அப்படியே இருக்கும். சப்புராசஸை விட்டுவிட்டு, பழைய 'ஓஎஸ் டாட் சிஸ்டம்' வழியில் கிளப்பினால் இந்த மருந்தும் கிடையாது. லினக்ஸில் சேவைகளைக் கிளப்பும் 'சிஸ்டம்டி'யும், நாம் வேறு மாதிரி சொல்லாதவரை, 13ஐக் கண்டுகொள்ளாத நிலையில் வைத்தே பிள்ளைகளை அனுப்புகிறது. டெர்மினலில் ஒழுங்காக ஓடிய பைப், சேவையாக மாறியதும் அடம்பிடித்தால் முதலில் இங்கே பாருங்கள்.

நல்ல சொத்தும் உண்டு

இவ்வளவு தொல்லை என்றால், எக்ஸெக் நேரத்தில் எல்லாவற்றையும் துடைத்துவிட வேண்டியதுதானே? அப்படிச் செய்தால் 'நோஹப்' செத்துப்போகும். இணைப்பு அறுந்தாலும் வேலை தொடர வேண்டும் என்று சர்வரில் நாம் தட்டும் அந்தக் கட்டளை செய்வது பெரிய வித்தை எதுவும் இல்லை. 1ஆம் சிக்னலைக் கண்டுகொள்ளாத நிலையில் வைத்துவிட்டு, நாம் சொன்ன நிரலை எக்ஸெக் செய்துகொள்கிறது, அவ்வளவுதான். அந்த ஏற்பாடு புது நிரலிலும் தொடரும் என்ற ஒரே நம்பிக்கையில் நோஹப் வாழ்கிறது. ஓட்டப்படும் நிரலில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை.

ஆகவே சிக்னல் ஏற்பாடு பிள்ளைக்குப் போவது குறையல்ல, வேண்டுமென்றே வைத்த வசதி. எதைக் கொடுத்தனுப்புகிறோம் என்று பார்க்காமல் அனுப்புவதுதான் குறை. ஃபோர்க்கையும் எக்ஸெக்கையும் தனித்தனிப் படியாக வைத்ததால், பிள்ளையை வாசலில் நிறுத்திச் சட்டைப் பையைத் துழாவிப் பார்க்க ஓர் இடைவெளி கிடைக்கிறது. பொறுப்பு அந்த இடைவெளியில் நிற்கும் தாயுடையது.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. ஷெல் ஸ்கிரிப்டிலிருந்து கிளப்பினால், 'என்வ்' கட்டளையின் 'டீஃபால்ட்-சிக்னல்' விருப்பத்தைப் பயன்படுத்தி, வேண்டிய சிக்னல்களை இயல்பு நிலைக்குத் திருப்பி அனுப்பலாம். 2019இல் வந்த குனு கோர்யுட்டில்ஸ் 8.31 பதிப்பு முதல் இது உண்டு. பைத்தானில் 'பாசிக்ஸ் ஸ்பான்' வழியே கிளப்பினால், எந்தச் சிக்னல் இயல்பு நிலையில் இருக்க வேண்டும், எது தடுக்கப்பட வேண்டும் என்று கையோடு சொல்லி அனுப்பலாம். பின்னணியில் நெடுநேரம் ஓடும் நிரலை நிறுத்த 2ஐ நம்பாதீர்கள். அது விரலுக்கான சிக்னல். 15ஐ அனுப்புங்கள். நிரலும் 15ஐப் பிடித்துக் கணக்கை முடிக்கும்படி எழுதியிருக்க வேண்டும்.

நண்பரின் தோட்டத்தில் அந்த ஷெல் ஸ்கிரிப்டை எடுத்துவிட்டேன். இப்போது நிரல் சிஸ்டம்டி சேவையாக ஓடுகிறது, 15ஐப் பிடிக்கிறது, போகும்போது கணக்கை எழுதிவைத்துவிட்டுப் போகிறது. ஸ்டேட்டஸ் கோப்பின் அந்த வரியில் கடைசி இலக்கம் 0.

உங்கள் சர்வரிலோ வீட்டுக் கணினியிலோ, 9ஐ அனுப்பினால் மட்டுமே சாகும் நிரல் ஒன்று கட்டாயம் இருக்கும். அடுத்த முறை அதைக் கொல்வதற்கு முன், அந்த 16 இலக்க வரியை ஒருமுறை படித்துப் பாருங்கள்.